நிரந்தரக் கட்டடம் எது?
இலங்கையின் கிராமியப் பொதுக் கட்டடங்களில் மரத்தின் இடம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இலங்கையின் குடிசன மதிப்பீடுகளில் வீடுகள் நிரந்தரமானவை, அரை நிரந்தரமானவை, தற்காலிகமானவை என வகுக்கப்பட்டு வந்துள்ளன. சுவரும் கூரையும் நிலமும் எப்பொருளால் ஆனவை என்பதே இப்பாகுபாட்டின் அடிப்படையாகும். கல்லும் சீமெந்தும் ஓடும் நிரந்தரத்தின் அடையாளங்கள். மண்ணும் ஓலையும் கிடுகும் அதற்குக் கீழ்ப்பட்டவை. கிராமத்துப் பாடசாலை, வாசிகசாலை, சனசமூக நிலையம் ஆகியவை பற்றிய பேச்சிலும் இவ்வழக்கே நிலைபெற்றுவிட்டது. தம் பிள்ளைகளின் பள்ளிக்கு "நிரந்தரக் கட்டடம்" வேண்டுமெனப் பெற்றோர் கேட்பது நியாயமான கோரிக்கையே. எனினும், அச்சொல்லின் பொருள் யாது என்ற வினா வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. பேராதனைக்கு அண்மையில், 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் மரத்தூண் மண்டபமொன்று இன்றும் நிற்கின்றது. கரையோரக் கிராமங்களிலோ உப்புக்காற்றால் உள்ளிருக்கும் இரும்பு துருவேறி, ஒரு தலைமுறைக்குள்ளேயே வெடித்துச் சிதறும் கொங்கிறீற்றுத் தூண்களைக் காணலாம். ஆகவே பொருளை மட்டும் கொண்டு நிரந்தரத்தை அளப்பது போதாது.

மரத்தாலான பொதுக் கட்டடங்கள் நிலைத்திருந்தமைக்கும் அழிந்தமைக்கும் உரிய காரணங்களை மரத்தின் வலிமையில் மாத்திரமன்றி, அக்கட்டடங்களைப் பேணிய சமூக ஏற்பாடுகளிலும் தேடவேண்டும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கண்டிப் பிரதேசத்து அம்பலங்களும் தேவாலய மண்டபங்களும், வடபுலத்துப் பனைமரக் கூரைகளும் இங்கு முதன்மையாக ஆராயப்படுகின்றன.

பொதியிலும் அம்பலமும்

தமிழில் அம்பலம் என்னுஞ் சொல் பலர் கூடும் பொது இடத்தையும் மண்டபத்தையும் குறிக்கும். சிதம்பரத்தின் சிற்றம்பலம், பொன்னம்பலம் என்னும் பெயர்கள் இதனை வழிபாட்டோடு இணைத்தன. சிங்களத்தில் வழிப்போக்கர் தங்குவதற்கும் ஊரவர் கூடுவதற்கும் அமைந்த மண்டபம் 'அம்பலம' எனப்படும். ஒரே சொல் இரு மொழியிலும் பொதுமையைச் சுட்டி நிற்பது மனங்கொள்ளத்தக்கது.

அம்பலத்துக்கு முற்பட்ட நிலையைச் சங்க இலக்கியங்கள் கூறும் மன்றத்திலும் பொதியிலிலும் காணலாம். பொதியிலில் நாட்டப்பட்ட 'கந்து' என்னும் மரத்தூணில் தெய்வம் உறைவதாகக் கருதி ஊரவர் வழிபட்டனர். செங்கற் சுவரும் மர விட்டமும் கொண்ட பொதியிலொன்று, ஊரவர் வெளியேறியபின் விட்டம் வீழ்ந்து, தெய்வமும் நீங்கிப் பாழ்பட்டுக் கிடக்கும் காட்சியை அகநானூற்றுச் செய்யுளொன்று தருகின்றது. அக்கட்டடம் பாழானமைக்குப் புலவர் கூறும் காரணம் மரத்தின் குறைபாடன்று, மக்கள் நீங்கியமையே. பேணுவோர் உள்ளவரைதான் பொதுக் கட்டடம் நிற்கும் என்ற உண்மை இந்தளவு தொன்மையானது.

இலங்கையின் பழைய பாதைகளில் அமைந்த அம்பலங்கள் பல இன்று மறைந்துவிட்டன. எஞ்சியவற்றுள் குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலமும், நாரம்மலைக்கு அண்மையிலுள்ள காரகஹகெதர அம்பலமும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. இவை இரண்டிலும் கட்டடம் நேரே நிலத்தில் ஊன்றப்படவில்லை. மூலைகளில் வைக்கப்பட்ட கற்களின்மேற் பெரும் மரங்கள் கிடத்தப்பட்டு, அவற்றின்மீது தூண்களும் கூரையும் எழுப்பப்பட்டுள்ளன. 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் பனாவிட்டிய அம்பலத்தின் மரங்கள் செதுக்குவேலை நிறைந்தவை. காரகஹகெதர அம்பலமோ அலங்காரம் குறைந்து, தடித்த மரங்களின் திண்மையாலேயே கண்ணைக் கவர்வது.

இவ்வமைப்பு அழகு கருதியது மட்டுமன்று. மரத்தைக் கெடுக்கும் பூஞ்சணம் ஈரமின்றி வளராது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 வீதத்துக்குக் குறைவாக இருக்கும்வரை உழுத்துப்போதல் பெரிதும் தடைப்படும். நிலத்தோடு தொடுகை இல்லாதபோது மண்ணின் ஈரம் மரத்தில் ஏறுவதில்லை, கறையான் ஏறினும் கல்லின்மேல் அதன் மண்கூடு கண்ணுக்குத் தெரியும், தெரிந்தவுடன் அகற்றலாம். தாழ்ந்து நீண்ட இறவாரம் மழையைத் தூணிலிருந்து விலக்கும். சுவரற்ற திறந்த அமைப்பு நனைந்த மரத்தை விரைவில் உலரச் செய்யும். வழிப்போக்கன் அமர்ந்திருக்கும் இருக்கையே கட்டடத்தின் அடிமரமாகவும் அமைந்தமையால், அதன் நலிவு நாள்தோறும் பலர் பார்வைக்கும் கைக்கும் உட்பட்டது.

அம்பலம் தங்குமிடம் மாத்திரமன்று. ஊர் வழக்குகளை விசாரிக்கும் கன்சபாவ என்னும் கிராம சபை கூடும் இடமாகவும் அது பயன்பட்டது. எனவே அதன் கூரையைத் திருத்துவது ஊர் முழுவதற்கும் உரிய கருமமாயிற்று.

எம்பெக்கே: கைத்திறனும் கடமையும்

உடுநுவரையிலுள்ள எம்பெக்கே தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் (1357–1374) இது அமைக்கப்பட்டதென்பது மரபு. இதன் 'திக்கே' எனப்படும் முன்மண்டபத்தின் செதுக்குத் தூண்கள் உலகப் புகழ் பெற்றவை. பேராதனை மாணவர் பலர் அன்னத்தையும் இரட்டைத்தலைப் பறவையையும் மல்லரையும் பார்த்து வியந்து திரும்புவர். அவர்களுள் மேலே நிமிர்ந்து கூரையை நோக்குவோர் சிலரே. மண்டபத்தின் ஒரு முனையிற் சரிவுக் கூரையைத் தாங்கும் 26 கைமரங்கள் ஒரே மர ஆப்பில் வந்து இணைகின்றன. 'மடொல் குருபாவ' எனப்படும் இவ்விணைப்பு தச்சரின் கணக்கறிவுக்குச் சான்றாகும். கைமரம் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளமும் சாய்வும் கொண்டது. அவற்றை நிலத்தில் வைத்து அளந்து வெட்டி, மேலே ஏற்றியபின் ஒன்றாய்ப் பொருந்தச் செய்தல் எழுத்தில் இல்லாத வடிவகணிதமாகும். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூல், இத்தகைய கைவினைஞரின் வாழ்வையும் தொழில் முறையையும் அவர்களது மரபு முற்றாக மறையுமுன் பதிவுசெய்தது.

இம்மண்டபத்தைக் காலத்துக்குக் காலம் பேணியவர் யாவர்? கண்டி இராச்சியத்தில் விகாரை, தேவாலயங்களுக்கு உரிய நிலங்களைப் பயிரிட்டோர், அந்நிலத்துக்கு ஈடாகக் குறித்த சேவைகளைச் செய்யக் கடமைப்பட்டிருந்தனர். ஒரு குடும்பம் மேளம் அடிக்கும். இன்னொன்று ஓடு கொண்டுவரும். மற்றொன்று மரவேலை செய்யும். உடைந்த ஓட்டை மாற்றுதற்கெனத் தனியே பணம் தேடவேண்டியதில்லை. அவ்வேலை நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது.

இதனைப் பொற்காலமாகக் காட்டுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1681 இல் வெளியான தமது நூலில், கண்டி நாட்டுக் குடிமக்கள் ஒரு மாடிக்கு மேற்பட்ட வீடு கட்டவும், ஓடு வேயவும், சுவருக்கு வெள்ளையடிக்கவும் அனுமதிக்கப்படவில்லை என றொபேட் நொக்ஸ் கூறுகின்றார். தேவாலயத்துக்கு ஓடு சுமந்தவனின் சொந்த வீட்டுக்கு ஓலையே விதிக்கப்பட்டிருந்தது. கட்டாயமும் சாதிப் பிரிவும் அவ்வேற்பாட்டின் அடித்தளங்கள். கோல்புறூக் – கமெரன் விசாரணையைத் தொடர்ந்து அரசுக்குரிய இராசகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது ஒரு விடுதலையே. 1870 ஆம் ஆண்டின் சேவைக் காணிக் கட்டளைச்சட்டம், கோயிற் காணிகளின் சேவைகளையும் பணமாக மாற்றிச் செலுத்த வழிசெய்தது. ஆனால், நீக்கப்பட்ட கட்டாயத்தின் இடத்தில், விரும்பி ஏற்கும் பொதுப் பராமரிப்பு ஏற்பாடொன்று அமைக்கப்படவில்லை. பாதையோர அம்பலங்கள் கவனிப்பாரற்றுப் போனமைக்கு இது ஒரு முக்கிய காரணமெனலாம். புதிய வீதிகளும் புகையிரதமும் பழைய பாதைகளை வெறிதாக்கியமை மற்றொரு காரணமாகும்.

வடபுலத்துப் பனை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமை வேறானது. அங்கு மலையுமில்லை, பெருங்காடுமில்லை. சுண்ணாம்புக் கல்லும் பனையுமே நிலம் தந்த கட்டடப் பொருள்கள். பாலை, முதிரை போன்ற வைர மரங்களை வன்னியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே வீடும் மடமும் பள்ளியும் பெரும்பாலும் பனைமரக் கூரையின்கீழ் அமைந்தன.

பனை ஏனைய மரங்களைப் போன்றதன்று. பாலையிலும் தேக்கிலும் நடுப்பாகமே வைரம். பனையிலோ வெளிப்பாகமே வைரம், நடுவே மென்மையான சோறு. பருத்தல் வளர்ச்சியும் ஆண்டு வளையங்களும் அதற்கில்லை. கருமையான நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில், சிறப்பாக அடிமரத்தில், நெருங்கி அமைந்திருப்பதனாலேயே அது வளைவைத் தாங்கி நிற்கின்றது. இதனை நூலால் அறியாமலே ஊர்த் தச்சர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். மரத்தை நெடுக்காகப் பிளந்து, சோற்றை நீக்கி, வாய்ச்சியாற் செதுக்கிச் சிலாகையாக்கினர். மழைநீர் ஓடப் பீலியாகவும், கிணற்றுக்குத் துலாவாகவும் அதே மரம் பயன்பட்டது. வளை, தீராந்தி, சிலாகை என அமைந்த யாழ்ப்பாணத்துக் கூரைச் சொற்களில் வரலாறே உறைந்துள்ளது. குறுக்கு விட்டத்தைக் குறிக்கும் தீராந்தி என்னும் சொல் போர்த்துக்கேயத்திலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகின்றது. மரம் ஊர் மரமாயினும், அதை இணைக்கும் முறையில் அந்நியத் தொடர்பும் கலந்தமைக்கு இஃது ஓர் அடையாளம்.

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் தென்னிந்தியக் கரைக்கும் கொழும்புக்கும் ஏற்றுமதியாயிற்று. பிரித்தானியர் ஆட்சியிலும் அதன் சிறப்புக் குன்றவில்லை. வில்லியம் பேகுசன் 1850 இற் பனையைப் பற்றித் தனிநூல் எழுதினார். அதன் பயன்கள் 801 எனத் தமிழ்ப் பாடலொன்று கூறுவதை 1859 இல் எமேர்சன் தெனன்ற் எடுத்துரைத்தார். எனினும் பனை அவசரத்துக்கு உதவும் மரமன்று. காய்க்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 12 முதல் 20 ஆண்டுகள் செல்லும். கருமை முற்றிய கூரைமரமாவதற்கு அதனினும் பன்மடங்கு காலம் வேண்டும். பேரன் தறிக்கும் பனை பாட்டன் காலத்தில் முளைத்ததாகவே இருக்கும். தோப்பைப் பேணுவது ஒரு குடும்பத்தின் வருங்காலக் கூரையைப் பேணுவதாக இருந்தது.

வீதியோரங்களில் அமைந்த மடங்களும், சுமைதாங்கியும் கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும் சேர்ந்த சூழலும் கண்டிப் பிரதேசத்து அம்பலத்துக்கு ஒப்பானவை. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் தெருவின் மேலேயே கூரையிட்டு, இருபுறமும் திண்ணை வைத்து, நடந்து செல்வோர் அனைவரையும் நிழலுக்குள் எடுக்கும் அமைப்பாகும்.

பள்ளிக்கூடத்தின் கூரை

ஒல்லாந்த மதகுரு பால்தேயு 1672 இல் வெளியிட்ட நூல், யாழ்ப்பாணத்துக் கிராமந்தோறும் தேவாலயமும் அதனோடு சேர்ந்த பள்ளியும் இருந்தமையைப் படங்களுடன் காட்டுகின்றது. இவற்றுக்குப் புறம்பே திண்ணைப் பள்ளிகள் வழங்கின. அங்கு பள்ளிக்கெனத் தனிக் கட்டடம் இல்லை. ஆசிரியரின் திண்ணையும் மணலும் ஏடுமே போதியனவாய் இருந்தன. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824 இல் உடுவிலிற் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்பும் நேர அட்டவணையும் பாடநூலும் வந்தபின், பள்ளிக்குத் தனிக் கட்டடம் இன்றியமையாததாயிற்று.

1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின் நன்கொடை பெறும் பாடசாலைகள் பெருகின. நீண்ட மண்டபம், இடுப்பளவு அரைச்சுவர், அதன்மேல் வரிசையாய்த் தூண்கள், இருபக்கச் சரிவுக் கூரை என்ற பள்ளிக்கூட வடிவம் நாடெங்கும் பரவியது. ஒளியும் காற்றும் செலவின்றிக் கிடைக்கும் இவ்வமைப்பு அம்பலத்தினதும் மடத்தினதும் இயல்பை ஓரளவு தொடர்ந்தது. ஆயின் கூரையின் இயல்பு மாறத் தொடங்கியது. பாசல் மிசன் 1865 இல் மங்களூரிற் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே பரவிய தட்டை ஓடு, கள்ளிக்கோட்டை ஓடு என்னும் பெயரால் இலங்கையிலும் வழக்கிற்கு வந்தது. நாட்டு ஓடு சற்றுக் கோணலான சிலாகைமேலும் அமரும். கள்ளிக்கோட்டை ஓட்டுக்கோ ஒரே இடைவெளியில் அமைந்த நேரான ரீப்பைகள் வேண்டும். இதனால் வாய்ச்சியின் இடத்தை வாளும், ஊர்த் தோப்பின் இடத்தை மரக்காலையும் படிப்படியாகப் பிடித்தன.

1923 இல் அமைக்கப்பட்ட சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமங்களிற் பல பாடசாலைகளை நிறுவியது. பின்னர் 1945 இன் இலவசக் கல்வி பள்ளிகளின் தேவையை மேலும் பெருக்கியது. வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஊரவரின் உழைப்பால் எழுந்தன. பனை உள்ளவர் பனை கொடுத்தார். பணம் உள்ளவர் ஓடு கொடுத்தார். இரண்டும் அற்றவர் தம் உழைப்பைக் கொடுத்தார்.

இவ்வொற்றுமைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பள்ளிக்குப் பனை தறித்தவரின் பிள்ளை அப்பள்ளியில் ஏனையோருடன் வாங்கில் அமர முடியாதிருந்தது. சம ஆசனம் வழங்கவேண்டுமென அதிகாரிகள் பணித்த காலத்தில், 1930 ஆம் ஆண்டளவில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்த சில பள்ளிகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஓலையும் மரமும் எளிதில் எரிவன என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குத் தீ வைத்தது சமூகமே. பொதுக் கட்டடம் எல்லோருக்கும் பொதுவாக இல்லாதபோது அதைக் காக்கும் கடமையும் பொதுவாக இராது என்பதை அந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

காடும் கடமையும் கைமாறுதல்

கிராமத்துக்கும் அதன் மரத்துக்கும் இருந்த உறவைச் சட்டங்கள் பலவாறு மாற்றின. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச்சட்டம், உறுதியற்ற காட்டையும் தரிசையும் அரசின் உடைமையாகக் கருதியது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டபின், 1885 இற் காட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது. தோட்டத்துக்காகக் காட்டை எரித்த அதே ஆட்சி, பள்ளிக்கு விட்டம் வெட்டிய கிராமத்தவனிடம் அனுமதிச்சீட்டுக் கேட்டது. சுதந்திரத்தின்பின் 1951 இல் மரந்தறித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1968 இல் அரச மரக் கூட்டுத்தாபனமும் ஏற்பட்டன. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. எஞ்சிய காட்டைக் காக்க இந்நடவடிக்கை இன்றியமையாதது. ஆயினும் காட்டைப் பூட்டும்போது தோப்பை நடுதலும் நடைபெற்றிருக்க வேண்டும். தேக்கந்தோட்டங்கள் வைக்கப்பட்டன எனினும், ஒரு கிராமம் தன் பொதுக் கட்டடங்களுக்கென மரம் வளர்க்கும் ஏற்பாடு பரவலாக உருவாகவில்லை.

பொறியியலின் நாட்டமும் மாறியது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833 இல் முதிரை மரத்தால் அமைந்த பாலம் 205 அடி அகலத்தை ஒரே வளைவிற் கடந்து நின்றது. 1905 இல் அது அகற்றப்பட்டு உலோகப் பாலம் அமைந்தது. அன்று முதல் மரம் பழைமையின் பொருளாகவும், உருக்கும் சீமெந்தும் முன்னேற்றத்தின் பொருள்களாகவும் எண்ணப்படலாயின.

இம்மாற்றத்தின் இறுதிக் கட்டம் 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையாகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி வாயிலைத் திறந்துவிடுவதில் இதற்குப் பங்குண்டு. ஆனால் பள்ளிக் கூரை ஊரின் பொறுப்பிலிருந்து திணைக்களத்தின் பொறுப்புக்கு மாறியது. ஓடு ஒன்று விலகினால் அன்று மாலையே ஏணி வைத்து ஏறிய ஊரவர், இப்போது கடிதம் எழுதிக் காத்திருந்தனர். விலகிய ஓட்டின் வழியே ஒழுகும் நீர் ஒரு மாரியிற் சிலாகையை நனைக்கும். மறு மாரியில் வளையை உழுக்கச் செய்யும். மூன்றாம் மாரியிற் கட்டடம் "பாவனைக்கு உதவாதது" என அறிக்கை எழுதப்படும். இவ்வாறு தோல்வியுற்றது மரமாகத் தோன்றினும், உண்மையில் தோல்வியுற்றது பராமரிப்பே.

புயலும் போரும்

மரக்கூரைக்கு எதிரான வாதங்களை எளிதில் ஒதுக்க முடியாது. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய புயல் வீடுகளினதும் பள்ளிகளினதும் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. புயற்காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவதினும் மேல்நோக்கி உறிஞ்சுவதே அபாயமானது. பாரத்தால் மட்டுமே அமர்ந்திருக்கும் கூரை அதற்கு நில்லாது. கைமரம் வளையோடும், வளை தூணோடும், தூண் அத்திவாரத்தோடும் இறுகப் பிணைக்கப்படல் வேண்டும். பழைய முறையில் இப்பிணைப்புப் பல இடங்களிற் போதாதிருந்தது என்பதை ஏற்றேயாக வேண்டும். இரும்புப் பட்டியும் திருகாணியும் கொண்டு அக்குறையை நீக்குதல் இன்று கடினமன்று.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் வடக்கு, கிழக்கின் கட்டடங்களையும் தோப்புகளையும் ஒருங்கே அழித்தது. பனங்குற்றிகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. பள்ளிக் கூரையாகவேண்டிய பனை மண்ணுக்கடியிற் பிள்ளைகளை மூடி நின்றது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிகளே அகதிமுகாம்களாயின. வன்னியில் மரநிழலிலும் ஓலைக் கொட்டில்களிலும் வகுப்புகள் நடைபெற்றன. இடம்பெயர்ந்தோர் பலர் தம் வீட்டின் ஓட்டையும் கூரைமரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றனர். ஒரு தரிப்பிடத்திலிருந்து மறு தரிப்பிடத்துக்கு அவற்றைக் கொண்டு அலைந்தனர். 'நிரந்தர' வீட்டின் சுவர் பின்னே நின்றுவிட, அதன் மரம் மாத்திரம் மக்களோடு நடந்தது. கழற்றி மீண்டும் பூட்டத்தக்கது என்ற மரக்கூரையின் பழைய இயல்பு இத்தகைய துயரத்தினூடாக வெளிப்பட்டது.

1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை போரின்பின் பனம் விதை நடுகையை ஊக்குவித்து வந்துள்ளது. அவ்விதைகள் கூரைமரமாக முதிர இந்நூற்றாண்டின் பிற்பகுதியாகலாம். அதுவரை வாய்ச்சியின் பழக்கத்தை எவர் கை காத்துவைக்கும் என்பதே கேள்வி.

யப்பானிய அனுபவம்

மரப் பள்ளியைக் கைவிட்டு, மீண்டும் அதனிடம் திரும்பிய நாடொன்றின் வரலாறு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. யப்பானிற் கிராமப் பள்ளிகள் மரத்தாலேயே கட்டப்பட்டு வந்தன. 1934 இன் முறோட்டோப் புயல் ஒசாக்காப் பகுதியில் மரப்பள்ளிகளை வீழ்த்தியதிற் பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். 1959 இன் இசே விரிகுடாப் புயலின் பின்னர், மரக் கட்டடங்களைத் தடைசெய்ய வேண்டுமென அந்நாட்டுக் கட்டடக்கலை நிறுவனமே தீர்மானித்தது. கொங்கிறீற்றுப் பள்ளி பொது வழக்காயிற்று.

இதற்குச் சற்று முன்னரே, எகிமே மாகாணத்து யவதஹாமா நகரசபையில் ஊழியம் பார்த்த கட்டடக் கலைஞர் மட்சுமுரா மசட்சுனே, ஹிசுச்சி என்னும் மலைக் கிராமத்துக்கு 1956 இலும் 1958 இலும் மரத்தாலான ஆரம்பப் பள்ளிக் கட்டடங்களை அமைத்தார். இரு பக்கமும் ஒளி புகும் வகுப்பறைகளும், ஓடையின்மேல் நீளும் மேடையும் கொண்ட அப்பள்ளி 2004 இற் புயலாற் சேதமுற்றது. இடித்துவிடுதல் எளிய வழியாக இருந்தும், கெட்ட மரங்களை மாற்றி வலுவூட்டி 2009 இற் புதுப்பித்தனர். அது மீண்டும் பள்ளியாகவே இயங்கியது. 2010 இல், பொதுக் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்துதலை ஊக்குவிக்கும் சட்டம் யப்பானில் இயற்றப்பட்டது. போருக்குப்பின் நடப்பட்ட காடுகள் முதிர்ந்தும் வெட்டுவாரின்றி நின்றமை அச்சட்டத்துக்கான காரணங்களுள் ஒன்று. நட்ட காடு அங்கு இருந்தமையாலேயே மரத்துக்குத் திரும்புதல் இயன்றது. இலங்கை இதிற் கற்கவேண்டியது கட்டட வடிவத்தையன்று, நடுதலின் முற்காப்பையே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அம்பலமும் திக்கேயும் பனைமரக் கூரையும் நிலைத்து நின்றமைக்கு, மாற்றுமரம் கிடைக்கும் தோப்பு அருகில் இருந்தமையும், மாற்றத் தெரிந்த கை ஊரில் இருந்தமையும், மாற்றவேண்டியவர் எவர் என்பது தெளிவாக இருந்தமையுமே காரணங்களெனத் துணியலாம். பழைய சமுதாயம் இக்கடமையைச் சாதியாலும் கட்டாயத்தாலும் பெற்றது. அம்முறை மீளக்கூடாது. ஆனால் அது ஒழிந்தபின் அதன் இடம் வெறிதாகவே விடப்பட்டுள்ளது. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் பராமரிப்பைச் சமத்துவமான பொதுக் கடமையாக ஏற்று, பள்ளி வளவிலேயே பனையும் வேம்பும் தேக்கும் நட்டு, திருத்த வேலைக்கு ஆண்டுதோறும் சிறு நிதி ஒதுக்கினால் அவ்விடம் நிரம்பும். புதிய பள்ளிகள் அனைத்தும் மரத்தாலேயே அமையவேண்டும் என்பதன்று இதன் கருத்து. எப்பொருளாற் கட்டினும், திருத்தத்தக்கதாகவும் திருத்துவோர் உடையதாகவும் இருக்கும் கட்டடத்தையே நிரந்தரக் கட்டடம் எனல் தகும்.

பல்கலைக்கழகத்துக்கும் இதிற் பங்குண்டு. பழைய பள்ளிக் கூரைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுத் தகரமும் கல்நார்த் தகடும் ஏறிவருகின்றன. கழற்றப்படுமுன் அவற்றை அளந்து வரைதலும், எஞ்சியுள்ள முதிய தச்சரிடம் அவர்களது தொழிற் சொற்களையும் முறைகளையும் கேட்டுப் பதிதலும் வரலாறு, தமிழ், புவியியல், பொறியியல் ஆகிய துறை மாணவர் கூடிச் செய்யத்தக்க பணியாகும். தீராந்தி, சிலாகை என்னும் சொற்களின் பொருளை அகராதியில் மட்டுமே தேடவேண்டிய காலம் வருமுன் அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.